மிர்வாவின் பெயரில்

லோவீசா ஊரின் சதுக்கத்தில் ஹில்க்கா ரௌதலாவின் வீட்டுத் தரகு அலுவலகமும் என் சலூனும் ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் வாடிக்கையாளர் “நலமா இருங்க” என்பார். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததில் பாதியை நான் அந்தச் சுவர் வழியாகக் கேட்டேன். மீதியை ஹில்க்காவே, தலையில் சாயம் ஊறும்வரை எழுந்து போக வழியில்லாமல், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் அறுபதைத் தாண்டியவள். ஊரில் பாதி வீடுகள் அவள் கை வழியாகக் கை மாறியவை. அவளிடம் வேலை பார்த்தவள் மிர்வா. பதினோரு வருடம். அதிகம் பேச மாட்டாள், ஆனால் எந்த வீட்டின் நிலவறையில் ஈரம் கசிகிறது என்று கேட்டால் உடனே சொல்வாள். முன்பு அவர்களோடு வேசா என்றொருவனும் அங்கே வேலை பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன் விலகி, சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த தரகு அலுவலகத்தில் சேர்ந்துகொண்டான். போகும்போது சண்டை எதுவும் இல்லை. கேக் வெட்டினார்கள், ஹில்க்கா அவனுக்கு ஒரு நல்ல தூண்டில் வாங்கிக் கொடுத்தாள், நானும் போய் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு வந்தேன்.

இலையுதிர்காலத்தில்தான் தொல்லை தொடங்கியது. யாராவது வீட்டை விற்க நினைத்தால் முதலில் ஹில்க்காவைக் கூப்பிட்டு என்ன விலை போகும் என்று கேட்பார்கள். அவள் போய்க் கூரையைப் பார்ப்பாள், நீராவிக் குளியல் அறையின் அடுப்பைப் பார்ப்பாள், திரும்பி வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பாள். யாருடைய வீடு, போன் நம்பர், என்ன எதிர்பார்க்கிறார்கள், ஏன் விற்கிறார்கள். அடுத்த வாரம் அவள் போன் செய்தால், “மன்னிச்சுக்கங்க, எதிர்ல இருக்கிறவங்ககிட்டயே கொடுத்துட்டோம்” என்று பதில் வரும். ஒருமுறை நடந்தால் தற்செயல். அந்த இலையுதிர்காலத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் ஹில்க்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் சோய்லேயின் விஷயம் வந்தது.

சோய்லே பல் மருத்துவமனையில் வேலை செய்பவள். கணவனை விட்டுப் பிரிய முடிவு செய்து, அவனிடம் சொல்வதற்கு முன்பே வீட்டின் விலையைத் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். ஹில்க்கா அதையும் கம்ப்யூட்டரில் எழுதினாள்: பிரியப் போகிறார், அவசரம். சில நாளில் சோய்லேயின் கைப்பேசி சமையலறை மேசையில் சார்ஜில் கிடந்தபோது மணியடித்தது. எடுத்தது கணவன். எதிரே இருந்த அலுவலகத்தின் ஆள், “நீங்க வீட்ட விக்கப் போறதா கேள்விப்பட்டோம்” என்று இனிமையாகப் பேசியிருக்கிறான்.

மறுநாள் காலை சோய்லே பக்கத்து அலுவலகத்தில் வந்து நின்றது எனக்குக் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும் குரல்.

“நான் உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். என் அக்காவுக்குக்கூடத் தெரியாது. நேத்து ராத்திரி எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கண்டுபிடிக்கிறேன்” என்றாள் ஹில்க்கா.

அவள் விவரங்களை எழுதி வைக்கும் மென்பொருளின் நிறுவனத்துக்குப் போன் செய்து, யார் யார் எப்போதெல்லாம் உள்ளே போய் எந்த விவரத்தைத் திறந்தார்கள் என்று கேட்டாள். பதில் வந்தது. சோய்லேயின் விவரத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ திறந்திருந்தார்கள். பெயர்: மிர்வா.

ஹில்க்கா செய்ததில் எனக்கு இன்றுவரை பிடிக்காதது இதற்குப் பிறகு அவள் செய்ததுதான். மிர்வாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவளோ சோய்லேயை வரவழைத்து உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இது உன் பேருதானே?”

“ஆமா.”

“ஞாயித்துக்கெழம மத்தியானம் இவங்க வீட்டு விவரத்த எதுக்குத் தெறந்த?”

“நான் தெறக்கல. ஞாயித்துக்கெழம வீட்டுல விறகு அடுக்கிட்டிருந்தேன்.”

“அப்போ பேய் வந்து தெறந்துச்சா?”

“அந்தப் பேருலதான் நீங்களும் உள்ள போறீங்க, ஹில்க்கா. ஆளுக்கு ஒண்ணு எதுக்கு, ஒண்ணே போதும்னு சொன்னது நீங்கதானே.”

“நான் ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டரத் தொடறதில்ல. அது ஊருக்கே தெரியும். நானில்லேன்னா மிச்சம் யாரு?”

மிர்வா பதில் சொல்வதற்குள் சோய்லே எழுந்துவிட்டாள். “உன்னால என் பொழப்பு சந்திக்கு வந்துடுச்சு, மிர்வா. அங்கேர்ந்து உனக்கு என்ன கொடுத்தாங்க?”

“யாரும் எனக்கு ஒண்ணும் கொடுக்கல.”

“சாவிய மேசமேல வச்சிட்டுப் போ” என்றாள் ஹில்க்கா.

சாவி மேசையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் நாற்காலியில் அரைத் தலை வெட்டியபடி உட்கார்ந்திருந்த மாவு மில்காரரும் கேட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். கடையில் மிர்வா வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் திரும்பாமலே இருப்பார். வியாழக்கிழமை தோறும் நாங்கள் பெண்கள் துறைமுகத்துப் பக்கம் கூடுவோம். கடல் உறைந்த இடத்தில் துளை வெட்டி வைத்திருப்பார்கள். அதில் முங்கிவிட்டு வந்து நீராவி அறையில் உட்கார்வோம். அங்கே அவள் வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவள் துண்டை எடுத்துக்கொண்டு வேறு பலகைத் தட்டுக்கு ஏறிவிட்டாள். அடுத்த வியாழன் மிர்வா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

ஆனால் கசிவு நிற்கவில்லை. ஜனவரியில் இன்னொரு வீடு கைவிட்டுப் போனது. ஹில்க்கா மறுபடி விசாரித்தாள். மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி மிர்வாவின் பெயர். ஹில்க்காவுக்குத் கண்மண் தெரியாத கோபம். நேரே போலீசுக்குப் போனாள்.

“வேலைய விட்டு அனுப்பியும் அடங்கல பாருங்க.”

போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறார்: “போனப்பவே அவங்க கணக்க மூடலியா?”

“மூடிட்டா நான் எப்படி வேல பாக்கறது? நானும் அதுலதானே போறேன்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாராம். இருந்தாலும் புகார் புகார்தான். மிர்வாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவள் வீட்டுக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஹில்க்காவிடம், கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரை வைத்து உங்கள் அலுவலகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

அப்படித்தான் பக்கத்து ஊரான போர்வோவிலிருந்து இங்கா வந்தாள். பனிச்சறுக்கு ஜாக்கெட், தோளில் பை, முகத்தில் சிரிப்பு இல்லை. ஹில்க்கா காபி ஊற்றியபோது வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் பக்கம் காபியை மறுக்கிறவளை யாருக்கும் பிடிக்காது. ஹில்க்காவுக்கு முதல் நிமிடமே பிடிக்கவில்லை.

இங்காவுக்கும் இந்த அலுவலகத்தைப் பிடிக்கவில்லை என்பது சுவர் வழியாகவே தெரிந்தது. வாடிக்கையாளருக்கான பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைஃபை பாஸ்வேர்டு அழகாக அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்களும் அதே வைஃபையில்தான். பிரிண்டரைத் தட்டினால் போன வருடம் நகலெடுத்த அடையாள அட்டைகள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் என் சலூனுக்குள் வந்து நின்றாள்.

“நீங்களும் அவங்க வைஃபைதான் பயன்படுத்துறீங்களா?”

“ஆமாங்க. ஹில்க்காதான் சொன்னா, எடுத்துக்கோன்னு.”

“உங்க நாற்காலில உக்காந்துகிட்டு அவங்க பிரிண்டர்ல இருக்கிறதெல்லாம் யார் வேணா எடுக்கலாம். தெரியுமா?”

“இங்க வர்றவங்க தூங்கத்தாங்க செய்வாங்க.”

அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பக்கத்தில் ஹில்க்காவைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்துக் காலைல மிர்வாங்கற பேருல உள்ள போனது யாரு?”

“நான்தான்.”

“இன்னிக்கி?”

“நான்தான், வேற யாரு இருக்கா?”

“அப்போ மிர்வான்னா நீங்க.”

“நான் ஞாயித்துக்கெழம…”

“ஞாயித்துக்கெழமய விடுங்க. இந்தப் பேர வச்சு யாரு போனாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. மிர்வாவா இருக்கலாம், நீங்களா இருக்கலாம், இந்த பாஸ்வேர்டு தெரிஞ்ச எவனா வேணா இருக்கலாம். இத வச்சா ஒருத்தங்கள வேலைய விட்டு அனுப்பினீங்க?”

ஹில்க்கா குரல் உயர்ந்தது. “உங்கள என் ஆபீஸ்ல என்ன ஓட்டைன்னு பாக்கக் கூப்பிட்டேன். எனக்குப் பாடம் நடத்தக் கூப்பிடல.”

“அதத்தான் பாத்துச் சொல்றேன். இந்த பாஸ்வேர்டு எப்பலேர்ந்து இருக்கு?”

“ஆரம்பத்துலேர்ந்து.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“வேசாவுக்கு” என்றாள் ஹில்க்கா. உடனே, “அவன் அப்படிச் செய்யமாட்டான்” என்றும் சொன்னாள்.

அன்று மிர்வாவைப் பற்றியும் அவள் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

இங்கா பாஸ்வேர்டை உடனே மாற்றவில்லை. மற்ற விவரங்களையெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, இல்லாத ஒரு வீட்டைப் பொறியாகக் கம்ப்யூட்டரில் எழுதச் சொன்னாள். கடற்கரையோரம் பழைய மரவீடு, அம்மா இறந்துபோய் வந்த சொத்து, சீக்கிரம் விற்க வேண்டும். உரிமையாளர் பெயர் இங்காவே இட்டுக்கட்டியது, போன் நம்பர் அவளுடையது. அப்படி ஒரு வீடு எங்கள் கடற்கரையில் எங்கும் கிடையாது. அதை வெள்ளிக்கிழமை எழுதி வைத்துவிட்டு அவள் போர்வோவுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் திரும்பி வந்ததும், கைப்பேசியை ஹில்க்காவின் மேசையில் வைத்து இருவரும் காத்திருந்தார்கள். அன்று எனக்கு வாடிக்கையாளர் இல்லை. ஹில்க்கா என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பத்து மணி வாக்கில் மணியடித்தது. இங்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம், உங்க அம்மா தவறிட்டதா கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம்” என்று ஆரம்பித்தது அந்தக் குரல்.

அது வேசாவின் குரல். ஹில்க்கா வாயைத் திறந்தாள். இங்கா விரலால் சைகை காட்டினாள், பேசாதே என்று.

“கரையோரத்துல இருக்கிற அந்த மரவீட்ட விக்கறதா இருந்தா, இந்த ஊர நல்லாத் தெரிஞ்ச ஆளு நான்…”

“யாரு சொன்னாங்க உங்களுக்கு?” என்றாள் இங்கா.

“ஊருல பேசிக்கிறாங்க. சின்ன ஊரு பாருங்க.”

“அப்படி ஒரு வீடே இல்லீங்களே. என் அம்மா போர்வோவுல நல்லா இருக்காங்க.”

ஒரு மூச்சு கேட்டது. பிறகு போன் கட்.

ஹில்க்கா கோட்டுகூடப் போடாமல் எழுந்து போனாள். பனியில் வழுக்கி வழுக்கிச் சதுக்கத்தைக் கடந்து எதிர்க் கதவைத் தள்ளியதை நான் சன்னலிலிருந்து பார்த்தேன். அங்கே நடந்ததை அவளும் சொன்னாள், அந்த அலுவலகத்து வரவேற்புப் பெண்ணும் பிறகு என்னிடம் முடிவெட்ட வந்தபோது சொன்னாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“என் ஆபீசுக்குள்ள பூந்திருக்க, வேசா.”

“நான் எதையாவது ஒடச்சேனா? வருஷக்கணக்கா அடிச்ச பாஸ்வேர்டு. வெரல் தானா அடிக்குது. நீ மாத்தல.”

“மாத்தலேன்னா வந்து திருடுவியா?”

“தெறந்து போட்டது நீ. அதுவுமில்லாம அந்த ஜனங்கள உனக்குப் பழக்கிவிட்டதே நான்தான். பங்காளியாக்கறேன், பங்காளியாக்கறேன்னு சொல்லிச் சொல்லி என்ன ஒழைக்க வச்ச. கடைசில கையில ஒரு தூண்டிலக் கொடுத்து அனுப்பின.”

“சோய்லே குடும்பம் தெருவுக்கு வந்துச்சுடா உன்னால.”

“புருஷன் எடுப்பான்னு எனக்கென்ன தெரியும்?”

“மிர்வாவுக்கு வேல போச்சு. ஊரே அவளத் திருடின்னு சொல்லுது.”

“அவள அனுப்பினது நானா?” என்றான் வேசா. “அது உன் வேல, ஹில்க்கா. அத என் தலைல கட்டாத.”

ஹில்க்கா திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, சாயம் வேண்டாம், வெட்ட வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றாள். காலணிக்குள் பனி போய்க் காலுறை நனைந்திருந்தது.

அதன்பின் வேலைகள் கிடுகிடுவென்று நடந்தன. மிர்வா என்ற கணக்கை இங்கா அன்றே மூடினாள். ஹில்க்காவுக்கு அவள் பெயரிலேயே ஒன்று, உள்ளே போகும்போதெல்லாம் கைப்பேசிக்கு வரும் எண்ணோடு. அலுவலகத்துக்கு ஒரு வைஃபை, வாடிக்கையாளருக்கு வேறு. நானும் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டேன். போலீஸ் விசாரணை வேசா பக்கம் திரும்பியது. ஆனால் இங்கா போவதற்கு முன் சொன்ன ஒன்றுதான் ஹில்க்காவை நோகடித்தது. வெளியார் பார்த்த விவரம் யார் யாருடையதோ அவர்களிடமெல்லாம் அவளே சொல்லியாக வேண்டும், அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டும், சட்டம் அப்படி.

அந்த வாரம் முழுக்க அவள் போனில் இருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது அவள் குரல் மட்டும். “ஆமா… எங்க தப்புதான்… இல்ல, அவரு பாத்திருக்காரு… ஆமா, உங்க நோய் விவரமும்…” சிலர் நடுவிலேயே வைத்துவிட்டார்கள். ஒரு கிழவர், உன்னை நம்பினேனே என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் வைக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம்.

மிர்வாவை அவள் போனில் கூப்பிடவில்லை. நேரில் போனாள். மிர்வா வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். வழுக்காமலிருக்க முற்றத்துப் பனிக்கட்டியின்மேல் மணல் தூவிக்கொண்டிருந்தாளாம். ஹில்க்கா ஏலக்காய் ரொட்டி கொண்டுபோயிருந்தாள். மிர்வா கையை நீட்டவில்லை.

“எதுக்கு வந்த?”

பதினோரு வருடமாக ‘நீங்க’ என்று பேசியவள். ஹில்க்காவுக்கு அது முதலில் உறைக்கவே கொஞ்சம் நேரமானதாம்.

“வேசாதான் பண்ணிருக்கான், மிர்வா.”

“தெரியும். போலீஸ்ல சொன்னாங்க. என் கம்ப்யூட்டரத் திருப்பிக் கொடுத்தாங்க.”

“நான் தப்பு பண்ணிட்டேன். திரும்பி வா. அதே வேல, அதே மேச.”

“வரமாட்டேன்.”

“நான் மன்னிப்புக் கேக்கத்தான்…”

“இங்க கேட்டா யாருக்குக் கேக்கும்? அந்த நாயிக்கா?” பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. “சோய்லேய உக்கார வச்சுக்கிட்டுத்தானே என்னத் திருடின்ன. ஆளுங்க இருக்கற எடத்துல சொல்லு. நான் சொன்னா நம்பல, நீ சொல்லு.”

“எங்க?”

“வியாழக்கெழம. நானும் வரேன்.” மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

அந்த வியாழன் நீராவி அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாரும் வந்திருந்தார்கள். சோய்லே மேல்தட்டு மூலையில். மிர்வா அடுப்புக்குப் பக்கத்தில், வாளியும் அகப்பையும் அவள் கைக்கு எட்டும் இடத்தில். ஹில்க்கா கடைசியாக வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

“மிர்வா எதையும் யாருக்கும் சொல்லல” என்றாள். “பாஸ்வேர்ட மாத்தாம விட்டது நான். வேசா அதுல பூந்தான். அவ பேருல நானும்தான் போயிட்டிருந்தேன், அவளே அதச் சொன்னா, நான் காதுல வாங்கல. சோய்லே, உங்களுக்கு நடந்ததுக்கும் நான்தான் பொறுப்பு.”

மிர்வா அகப்பையில் தண்ணீரை மொண்டு அடுப்புக் கற்களின்மேல் வீசினாள். ஆவி குப்பென்று எழுந்து ஹில்க்காவின் முகத்தில் அடித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். மிர்வா இன்னொரு அகப்பை வீசினாள். மேல்தட்டிலிருந்து ஒருத்தி குனிந்துகொண்டு இறங்கி வெளியே போனாள். இன்னொரு அகப்பை. காது மடல் எரிந்தது. நானும் இறங்கிவிட்டேன். கதவை மூடும்போது உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள்: மிர்வா, ஹில்க்கா, மூலையில் சோய்லே.

வெளியே நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஹில்க்கா நண்டுபோலச் சிவந்து வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் படியிறங்கி, துளையின் கறுப்புத் தண்ணீருக்குள் கழுத்துவரை போய், அங்கேயே இருந்தாள். சோய்லே பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“உள்ள ஏதாவது பேசினாங்களா?” என்றேன்.

“‘கேட்டுது’ன்னா மிர்வா. அவ்வளவுதான்.”

“உங்ககிட்ட?”

“என்கிட்ட ஒண்ணும் பேசல. நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அகப்பைய என் கையில கொடுத்துட்டு உடுப்பு மாத்தற அறைக்குப் போயிட்டா.”

வேசாவுக்குக் கோடையில் நீதிமன்றம் அபராதம் போட்டது. எதிர் அலுவலகம் அவனை அதற்கு முன்பே அனுப்பிவிட்டது. இப்போது கோட்காவில் படகு விற்கிறான் என்கிறார்கள். சோய்லே வீட்டை ஹில்க்காவிடமும் கொடுக்கவில்லை, எதிரிலும் கொடுக்கவில்லை, போர்வோவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து விற்றாள். மிர்வா அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே, எனக்கு என் பெயரில் தனிக் கணக்கு வேண்டும், அதில் வேறு யாரும் நுழையக் கூடாது என்று கேட்டு வாங்கினாளாம். ஹில்க்கா அலுவலகத்தில் இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். விளம்பரம் போட்டாள், வந்த இரண்டு பேரும் நிலைக்கவில்லை.

போன மாதம் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது, “மிர்வா உங்கிட்ட வர்றாளா?” என்று கேட்டாள்.

“வர்றா.”

“எப்பவாவது மனசு மாறுவாளா?”

“மாட்டா” என்றேன்.

ஹில்க்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, சாயம் கழுவினதும் காதோரம் இன்னும் கொஞ்சம் குட்டையாக வெட்டு என்றாள்.